ஞாயிற்றுக்கிழமை ஓடாதவர்: எரிக் லிடலும் படம் சொல்லாத 20 வருடங்களும்

கடற்கரையில் வெள்ளை பனியன் போட்ட இளைஞர்கள் வெறுங்காலோடு ஓடுவாங்க, பின்னணியில் வாங்கெலிஸின் சிந்தசைசர் இசை. படம் பார்க்காதவங்களுக்குக்கூட அந்த இசை தெரிந்திருக்கும். 1981-ல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்'. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கியது.

காலேஜ் நாட்களில்தான் முதலில் பார்த்தேன். படம் முடியும்போது, எரிக் லிடல் போரின் முடிவில் ஜப்பானியர் பிடியில் இருந்த சீனாவில் இறந்தார் என்று ஒரு குறிப்பு வரும். அவ்வளவுதான். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஸ்காட்லாந்துக்காரர் சீனாவில் என்ன பண்ணிட்டிருந்தார்? ரொம்ப வருஷம் இந்தக் கேள்வி மண்டையில் இருந்தது. நம்ம தொழிலில் டாக்குமெண்டேஷனை அப்படியே நம்பாமல் லாகைத் திறந்து பார்க்கிற பழக்கம் உண்டு இல்லையா, அப்படித்தான் தேட ஆரம்பித்தேன்.

படத்தின் கதை இது. 1924 பாரிஸ் ஒலிம்பிக். 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அது ஆண்டவருக்கான நாள், ஓட மாட்டேன் என்கிறார் லிடல். கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு விஷயமே தெரிய வருவதாகக் காட்டுவார்கள். லிண்ட்சே பிரபு பெருந்தன்மையாகத் தன் 400 மீட்டர் இடத்தை விட்டுக்கொடுப்பார்.

நிஜத்தில் லிண்ட்சே பிரபு என்று ஒருவர் கிடையாது, அது கற்பனைப் பாத்திரம். போட்டி அட்டவணை லிடலுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். 100 மீட்டரை மட்டுமா விட்டார்? இரண்டு தொடர் ஓட்டங்களின் இறுதிப் போட்டியும் ஜூலை 13, ஞாயிறு. அவற்றையும் விட்டார். அவர் இல்லாமலே பிரிட்டன் அந்த இரண்டிலும் பதக்கம் வாங்கியது. கையில் இருந்த மாதங்களில் 200, 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். 200-ல் வெண்கலம். ஜூலை 11, 400 மீட்டர் இறுதி. குறுந்தூர ஓட்டக்காரர் மாதிரி ஆரம்பத்திலேயே முழு வேகத்தில் பாய்ந்தார். கடைசியில் மூச்சு வாங்கி விழுந்துவிடுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரோ 47.6 வினாடியில் உலக சாதனையோடு முடித்தார்.

படத்தில் ஓட்டத்தின் நடுவே அவர் கீழே விழுந்து, எழுந்து, ஜெயிக்கிற காட்சி சினிமாத்தனமாகத் தெரியும். ஆனா அது நடந்தது! 1923 ஜூலை, ஸ்டோக் நகரில், 440 கஜ ஓட்டம். எழுந்தபோது மற்றவர்கள் சுமார் 20 கஜம் முன்னால். அப்படியும் முதலாவதாக வந்தார். படம் அதை பிரான்ஸுடனான போட்டியாக மாற்றிவிட்டது. நிஜத்தில் எதிரணிகள் இங்கிலாந்தும் அயர்லாந்தும்.

சரி, சீனாவுக்கு வருவோம். லிடல் பிறந்ததே அங்கேதான், 1902-ல், தியான்ஜினில். அப்பா அம்மா மிஷனரிகள். ஒலிம்பிக் முடிந்த கையோடு எடின்பரோவில் பி.எஸ்சி பட்டம் வாங்கினார். 1925-ல், 23 வயதில், புகழின் உச்சியில், திரும்பிப் போய் தியான்ஜினில் பள்ளி ஆசிரியரானார். பிறகு கிராமப்புற ஊழியம். ஜப்பான் ஆக்கிரமிப்பு முற்றவும், 1941-ல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் தங்கினார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை.

1943-ல் ஷாண்டோங்கில் உள்ள வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர்கள். பெற்றோர் இல்லாமல் ஒரு போர்டிங் ஸ்கூல் பிள்ளைகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள். லிடல் அவர்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார், கிழிந்த ஹாக்கி மட்டைகளை ஒட்டினார், விளையாட்டு நடத்தினார். ஞாயிறு மட்டும் விளையாட்டு கிடையாது.

பிள்ளைகள் கேட்பாங்களா? ஒரு ஞாயிறு தாங்களாகவே ஹாக்கி ஆட, நடுவர் இல்லாமல் அது சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடலே மைதானத்தில் வந்து நின்றார், நடுவராக! ஒலிம்பிக் தங்கத்துக்காக, பிரிட்டனுக்காக விட்டுக்கொடுக்காத விதியை, அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். என்னைப் பொறுத்தவரை படத்தின் க்ளைமாக்ஸ் இங்கேதான் இருந்திருக்கணும். பாரிஸில் அவர் பிடித்துக்கொண்டு நின்றது வெறும் பிடிவாதம் இல்லை என்பது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

1945 தொடக்கத்தில் தலைவலி, சோர்வு. வேலைப்பளுவால் வந்த மனத்தளர்ச்சி என்றே நினைத்தார்கள். பிப்ரவரி 21 அன்று மனைவிக்குக் கடிதம் எழுதினார், அன்றே இறந்தார். மூளையில் கட்டி இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. வயது 43. ஆறு மாதத்துக்குள், ஆகஸ்ட் 17-ல், முகாம் விடுவிக்கப்பட்டது.

1991-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் அந்த இடத்தில் ஸ்காட்லாந்து கிரானைட்டில் ஒரு நினைவுக்கல் வைத்தது. அடுத்த தடவை இந்தப் படம் பார்க்க நேர்ந்தால், கடைசிக் குறிப்பு வரும்போது உடனே எழுந்து போயிடாதீங்க. அந்த ஒரு குறிப்புக்குள் 20 வருஷம் இருக்கு.