முரண்டு பிடிக்கும் ஸ்டார்ட்டர்: ஜீப் முதல் ஒரகடம் வரை

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் மின்னமைப்பு 6 வோல்ட். ஸ்டார்ட்டர் சுவிட்சைக் காலால் மிதிக்க வேண்டும். அதே திறனுக்கு 12 வோல்ட் வண்டியைவிட இருமடங்கு மின்னோட்டம் தேவை. அதனால் பேட்டரி முனையில் பூத்த பச்சையோ தளர்ந்த எர்த் வயரோ போதும், வண்டி ஒருநாள் கிளம்பும், மறுநாள் முரண்டு பிடிக்கும்.

இந்தியாவில் 1961இல் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, சென்னை பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டார்கள் உருவாயின. பழுது பார்ப்பவர்களுக்கு அன்று ஹெட்லைட்டே கருவி. சாவி திருப்பும்போது வெளிச்சம் மங்கினால் பேட்டரியையோ இணைப்பையோ பார்ப்பார்கள். மங்காமல் ‘டிக்’ ஒலி மட்டும் வந்தால் சோலனாய்டு எனும் மின்காந்த சுவிட்சைப் பார்ப்பார்கள். எளிய சோதனை, இன்றும் மதிக்கத்தக்கது.

சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. அங்கு உருவான டஸ்டர் காரின் நான்கு சக்கர இயக்க வடிவம் 2014இல் வந்தது. அந்தத் தலைமுறை வண்டிகளில் இம்மொபிலைசரும் சேர்ந்துகொண்டது: சாவியிலுள்ள சில்லை அடையாளம் காணாவிட்டால் எஞ்சின் உயிர்பெறாது. ஆனாலும் வயதான வண்டியில் முதலில் சோதிக்க வேண்டியது எர்த்தைத்தான். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் எதிர்மின் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.