கைதட்டலும் கணக்கேடும்

இளமையில் கேட்ட இசை முதுமையில் மீண்டும் நம்மைத் தேடி வரும். பாடலின் அடிகள் மறந்துபோயிருக்கலாம். அன்று அருகில் அமர்ந்திருந்த நண்பனின் முகமும், உள்ளங்கையில் கசங்கிய நுழைவுச்சீட்டும் மறப்பதில்லை. மேலைநாடுகளில் இன்று எழுபது வயதைக் கடந்துவிட்ட தலைமுறையினர்க்கு, 1960களிலும் 1970களிலும் நடந்த 'ராக்' இசை நிகழ்ச்சிகள் இத்தகைய நினைவுகளின் கருவூலம். அவற்றுள் ஒன்றை இங்கே எண்ணிப் பார்ப்போம். ஏனெனில் அது பிறர் கண்ணீரைத் துடைப்பதற்கென்றே கூட்டப்பட்ட இசை.

1971ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பிற்பகல் ஒன்றும் இரவு ஒன்றுமாக இரு நிகழ்ச்சிகள் நடந்தன. ஏறத்தாழ 40,000 பேர் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள். பீட்டில்ஸ் குழுவினர் 1966இல் மேடைப் பயணங்களை நிறுத்தி, 1970இல் பிரிந்தும் போயிருந்தனர். அக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசனையும் ரிங்கோ ஸ்டாரையும் ஒரே மேடையில் காணலாம் என்பதே பலரை இழுத்து வந்த ஆவல்.

ஆனால் அந்த மேடைக்கு வித்திட்டது வேறொரு மண்ணின் துயரம். 1970 நவம்பர் 12 அன்று கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயல் குறைந்தது 3 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்தக் காயம் ஆறுமுன், 1971 மார்ச் 25 இரவு இராணுவத்தின் அடக்குமுறை தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் அகதிகளாக வந்து சேர்ந்தனர். கல்கத்தாவின் புறத்தே, புதைப்பதற்கென்று கொண்டுவந்து போட்டிருந்த பெரிய குழாய்களுக்குள்ளே குடும்பங்கள் குடியிருந்தன. வாந்திபேதி முகாம்களைச் சூறையாடியது.

இச்செய்திகள் சித்தார் மேதை ரவிசங்கரை உலுக்கின. அவர் வங்காளி, அவருடைய குரு அலாவுதீன் கான் பிறந்ததும் அந்தக் கிழக்கு வங்க மண்ணில்தான். ஒரு கச்சேரி செய்து 25,000 டாலராவது திரட்டலாம் என்று எண்ணியவர், தம் மாணவரும் நண்பருமான ஹாரிசனிடம் மனத்துயரைப் பகிர்ந்துகொண்டார். ஹாரிசன் ஐந்தாறு வாரங்களுக்குள் நண்பர்களைத் திரட்டினார். எரிக் கிளாப்டன் போதைப் பழக்கத்தால் நலிந்திருந்த நிலையிலும் வந்தார். பாப் டிலன் வருவாரா என்பது கடைசி வரை உறுதியாகவில்லை. ஹாரிசன் எழுதி வைத்திருந்த பாடல் வரிசையில் அவர் பெயருக்குப் பின்னே ஒரு கேள்விக்குறி இருந்தது. அவரும் வந்தார், பாடினார்.

நிகழ்ச்சி இந்திய இசையுடன் தொடங்கியது. ரவிசங்கர், அலி அக்பர் கான், அல்லா ரக்கா, தம்புராவுடன் கமலா சக்ரவர்த்தி ஆகியோர் மேடையில் அமர்ந்து சுருதி சேர்த்தனர். சிறிது நேரம் அது நீடித்தது. அவர்கள் நிறுத்தியதும் அரங்கம் அதிரும்படி கைதட்டல் எழுந்தது! சுருதி சேர்த்ததையே பாட்டென்று எண்ணிவிட்டார்கள். சுருதி கூட்டுவதையே இவ்வளவு இரசிக்கிறீர்களென்றால் வாசிப்பை இன்னும் இரசிப்பீர்கள் என்னும் பொருள்பட ரவிசங்கர் நயமாகப் பேசியபோது, கூட்டம் தன் பிழையை உணர்ந்து சிரித்தது. கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கும் சிரிப்பு வரும். எனினும், அறியாத ஒன்றை மதிக்கத் துணிந்த இளம் உள்ளங்களின் கைதட்டல் அது. அதில் ஏளனம் இல்லை.

கைதட்டல் ஓய்ந்தபின் கணக்கேடு திறக்கிறது. அன்றைய நுழைவுக்கட்டணம் 2,43,418 டாலர் 50 சென்ட். ரவிசங்கர் எண்ணியதைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு! அது ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப்பிடம் விரைவில் சேர்ந்தது. அதைவிடப் பன்மடங்கு வருவாய் தந்தவை, நிகழ்ச்சியின் இசைத்தட்டுத் தொகுப்பும் 1972இல் வந்த திரைப்படமும். சிக்கல் தொடங்கியது அங்கேதான். அறக்கொடைக்கான ஏற்பாடு முன்கூட்டியே முறைப்படி செய்யப்படவில்லை என்று கூறி, அமெரிக்க வரித்துறை விலக்கு அளிக்க மறுத்தது. பெருந்தொகை ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. 1985 வாக்கில் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் டாலர் உதவியாகச் சென்றிருந்தது. அதற்குள், 1971 டிசம்பரில் விடுதலை பெற்ற வங்காளதேசத்திற்கு வயது பதின்மூன்று. முகாமில் பாலுக்கு அழுத குழந்தை பள்ளிக்குச் செல்லும் பருவத்தை எட்டியிருக்கும். பசிக்குத் தவணை சொல்ல யாரால் இயலும்?

அதனால் அந்த இசை வீணென்று கூறிவிடலாமா? கூடாது. செய்தித்தாளின் மூலையில் கிடந்த ஒரு பெயரை உலகம் உச்சரிக்கச் செய்தது அந்நாள். 1985 ஜூலை 13 அன்று இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த 'லைவ் எய்டு' போன்ற பிற்கால நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அதுவே வழிகாட்டி. நல்லெண்ணம் மட்டும் போதாது, அதைக் கொண்டு சேர்க்கும் பாதையையும் முன்னரே செப்பனிட வேண்டும் என்ற பாடத்தையும் அதுவே விட்டுச் சென்றது.

ஹாரிசன் 2001இலும் ரவிசங்கர் 2012இலும் மறைந்தனர். அன்று இருபது வயதில் அவ்வரங்கில் அமர்ந்திருந்தவர் இன்று வெள்ளுடை அணிந்த ஹாரிசனையும், தாம் தவறாகத் தட்டிய கையொலியையும் எண்ணிப் புன்னகைக்கலாம். அதே நாளில், அதே இருபது வயதில், கல்கத்தாவின் குழாய் ஒன்றுக்குள் மழைக்கு ஒதுங்கியிருந்தவனும் உயிரோடிருந்தால் இன்று எழுபதைக் கடந்தவனே. அவனுடைய ஆகஸ்டு மாத நினைவில் மழையின் ஓசை இருக்கும், சித்தார் இராது. இவ்விருவர் நினைவுகளையும் ஒன்றாக வைத்துப் படித்தால்தான் அந்த ஒரு நாளின் வரலாறு முழுமை பெறும்.