உப்பு வந்த வழி: காவிரிக் கடைமடைக் கிணறுகளும் ஐசோடோப்புச் சான்றுகளும்

காவிரிப் படுகையின் கிழக்கு விளிம்பில் நாகப்பட்டினம், காரைக்கால், வேதாரண்யம் பக்கம் ஒரு கிணறு உவர்க்கத் தொடங்கினால் உடனே சொல்லப்படும் காரணம், கடல் உள்ளே வந்துவிட்டது என்பதுதான். பல இடங்களில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த உப்பு வேறு வழிகளிலும் வந்திருக்க முடியும். சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிடச் சற்று உயர்ந்திருந்தபோது களிமண் அடுக்குகளுக்கிடையே சிறைப்பட்ட பழங்கடல் நீராக இருக்கலாம். இறால் குட்டைகளிலிருந்தும் உப்பளங்களிலிருந்தும் மேலிருந்து கசிந்திருக்கலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை விட்டுச் சென்றதாக இருக்கலாம். பாசன நீரைப் பயிர் குடித்தபின் வேர்மண்டலத்தில் தங்கி, அடுத்த மழையில் கீழிறங்கியதாகவும் இருக்கலாம். மின்கடத்துத்திறன் மானிக்கு இவை அனைத்தும் ஒன்றே.

தீர்வுகளோ வழிக்கு வழி வேறுபடுகின்றன. கடல்நீர் இன்று ஊடுருவுகிறதென்றால் இறைப்பைக் குறைக்க வேண்டும். பழங்கடல் நீரென்றால் அந்த ஆழத்தைத் தொடாமல் விட வேண்டும். குட்டைக் கசிவென்றால் குட்டையைக் கட்டுப்படுத்த வேண்டும். எனவே உப்பின் அளவை மட்டும் பார்த்துத் தீர்வை முடிவு செய்யக் கூடாது. வந்த வழியை முதலில் ஐசோடோப்புகளால் நிறுவ வேண்டும் என வாதிடுகிறேன். அந்த அளவீடும் தனித்து நின்றால் தவறான வழி காட்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

நீர் மூலக்கூறிலேயே இருக்கும் தடங்காட்டிகள் டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18உம். உலகின் மழைநீரில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் சேர்ந்து மாறுகின்றன என்று 1961இல் ஹார்மன் கிரெய்க் காட்டினார்; அக்கோட்டின் சாய்வு 8. திறந்த வெளியில் ஆவியாகும் நீர் அக்கோட்டை விட்டு, 4 முதல் 6 வரையிலான சாய்வில் விலகிச் செல்லும். இறால் குட்டையில் வெயில் காய்ந்த கடல்நீர் கடலைவிடவும் கனமான ஐசோடோப்புகள் மிகுந்ததாகிவிடுவதால், அது கிணற்றில் கலந்தால் நன்னீரையும் கடலையும் இணைக்கும் கலப்புக் கோட்டிலிருந்து விலகித் தெரியும். பயிரின் கதை வேறு. வேர் நீரை உறிஞ்சும்போது ஐசோடோப்பு விகிதம் பொதுவாக மாறுவதில்லை. உப்பு மட்டும் பின்தங்கிச் செறிகிறது. ஆகவே குளோரைடு பலமடங்கு உயர்ந்தும் ஆக்சிஜன்-18 அசையாமல் நிற்கும் கிணற்றில் முதலில் ஐயுற வேண்டியது கடலை அல்ல, வயலை.

இங்கே ஒரு தடை எழுகிறது. அதைத் தாண்டிப் போகக் கூடாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. கிணற்று நீரில் அது 5 விழுக்காடு கலந்தாலே 950 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீருக்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச வரம்பான 1,000ஐ நெருங்கிவிடும். ஆக்சிஜன்-18 எவ்வளவு நகரும்? நன்னீரின் மதிப்பு ஆயிரத்துக்கு -5 என்றும் கடலின் மதிப்பு பூச்சியம் என்றும் கொண்டால், அது -4.75 ஆகும், அவ்வளவே. கருவியின் பிழை ஏறக்குறைய 0.1, ஒரு மழைக்கும் மறு மழைக்கும் உள்ள வேறுபாடோ அதைவிடப் பெரிது. ஆக, ஊடுருவல் தொடங்கும் காலத்தில், அதாவது எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் காலத்தில், இந்தத் தடங்காட்டி கடலையும் வயலையும் பிரித்துக் காட்டத் தடுமாறுகிறது. புரோமைடு–குளோரைடு விகிதத்தைத் துணைக்குக் கொள்ளலாம். ஆனால் பழங்கடலும் இன்றைய கடலும் அந்த விகிதத்தில் ஒன்றே.

இவ்விரண்டையும் பிரிக்கக் காலம்தான் வேண்டும். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.32 ஆண்டுகள். 1963இல் அணுகுண்டுச் சோதனைகளால் மழையில் உச்சம் தொட்ட டிரிட்டியம் ஐந்து அரை ஆயுள்களைக் கடந்து முப்பத்திரண்டில் ஒரு பங்காகத் தேய்ந்துவிட்டது. கடல்நீரிலும் அது மிகக் குறைவு. எனவே டிரிட்டியம் இல்லாத உவர்நீரெல்லாம் பழையது என்று எழுதுவது பிழை. கார்பன்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள் என்பதால் 6,000 ஆண்டுப் பழமையான கடல்நீரில் அது பாதிக்குச் சற்றுக் குறைவாக எஞ்சியிருக்கும். கிளிஞ்சலும் சுண்ணாம்பும் கரைந்து பழங்கரிமத்தைச் சேர்ப்பதால் வயது கூடித் தோன்றும் என்ற ஆட்சேபம் நியாயமானது. எனினும் நமக்கு நூற்றாண்டு துல்லியம் தேவையில்லை. இந்தத் தலைமுறையின் கடலா, பல்லாயிரம் ஆண்டு முந்தையதா என்பதே கேள்வி.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று போதிய கவனம் பெறுவதில்லை. கார்பன்-14 தரும் வயது கரைந்த கரிமத்துக்கு உரியது, உப்புக்கு அல்ல. கடல்நீரில் பைகார்பனேட் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிகிராம். படுகையின் நன்னீரில் பெரும்பாலும் அதைவிட மிகுதி. பழங்கடல் நீர் 5 விழுக்காடும் அண்மை மழைநீர் 95 விழுக்காடும் கலந்த கிணற்றில் கரிமம் முழுவதும் ஏறத்தாழ மழையினுடையது. உப்பு முழுவதும் ஏறத்தாழ கடலினுடையது. அங்கே அளக்கப்படும் இளம் வயதை உப்பின் மேல் ஏற்றி, இன்றைய ஊடுருவல் என்று முடிவு கட்டினால், குற்றமற்ற உழவரின் மோட்டாரை நிறுத்தச் சொல்வோம். ஆகவே லேசாக உவர்த்த கிணற்றை மட்டும் அளந்து பயனில்லை. மிகவும் உவர்த்த கிணற்றிலிருந்து தொடங்கி, குளோரைடு ஏற ஏற வயது எப்படி மாறுகிறது என்று பார்த்து, கலப்பின் கடைமுனையை எட்ட வேண்டும்.

இவ்வாறு பிரித்தறிய முடியும் என்பதற்கு இதே கரையில் முன்னுதாரணம் உண்டு. ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் பி. எஸ். சுகீஜாவும் சக ஆய்வாளர்களும் காரைக்கால், தஞ்சாவூர்க் கரையோரத்தில் பழங்கடல் உவர்ப்பையும் இன்றைய ஊடுருவலையும் வேறுபடுத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வு, கனிம வேதியியல், கரிம உயிர்க்குறிகள், கார்பன்-14 ஆகிய மூன்றையும் சேர்த்தே பயன்படுத்தியது. அதன் மதிப்பு இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது.

நன்னீரின் பக்கத்தையும் இதே முறையால் ஓரளவு அறியலாம். தமிழகத்தின் வடகிழக்குப் பருவ மழை, தென்மேற்குப் பருவ மழையைவிடக் கன ஐசோடோப்புகள் குறைந்தது. வாய்க்காலில் வரும் காவிரி பெரிதும் குடகில் தென்மேற்குப் பருவத்தில் பெய்து, அணைகளில் தேங்கிச் சற்று ஆவியான நீர். கடைமடைக் கிணற்றில் இவ்விரண்டில் எதன் சாயல் தெரிகிறது என்று பார்த்தால், உப்பைக் கீழே அழுத்தி வைத்திருப்பது ஐப்பசி மழையா, ஆற்று நீரா என்று சொல்ல முடியும். மேட்டூர் திறப்பு தவறும் ஆண்டுகளில் எந்தக் கிணறுகள் முதலில் உவர்க்கும் என்பதை முன்கூட்டிக் கணிக்க இது உதவும்.

லேசர் நிறமாலைமானிகள் வந்தபின் டியூட்டீரியம், ஆக்சிஜன்-18 அளவீட்டின் செலவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. கார்பன்-14 இன்னும் விலை கூடியது. ஊருக்கு ஊர் அதை அளக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு நீர்தாங்கியின் உவர்முனையில் சில மாதிரிகள் போதும். இச்சான்று கைக்கு வரும்வரை, உவர்த்த கிணற்றுக்கு மாற்றாக இன்னும் ஆழமாகத் துளையிட இந்தக் கரையில் அனுமதி தரக் கூடாது.