வெயிலுக்கு ஆகாத குழல்

சித்தப்பாவின் எபோனைட் கிளாரினெட் சாவு வீட்டு வெயிலில் பழுப்பேறிப் போச்சு. இசைக் கல்லூரியில் படிக்கிற தம்பிக்கு நல்லதா ஒண்ணு வாங்கச் சின்னாளப்பட்டியிலிருந்து மூவரும் கிளம்பினோம்.

1700 வாக்கில் ஜெர்மனியின் நூரம்பர்க்கில் டென்னர் உருவாக்கிய கருவி என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர்ச் சதிருக்குள் நுழைந்தது. 2008இல் கிளாரினெட் கலைஞர் ஏ.கே.சி. நடராஜனுக்கு சங்கீத கலாநிதி விருது. சரி, நியாயமான மரியாதை. அதே குழலைப் பறையோடு தெருத்தெருவா ஊதின நம்ம சனங்களைப் பற்றி, எம்.ஏ. தமிழ் படிச்ச எனக்குப் பாடத்தில் ஒரு வரிகூட வரலை.

கடையில் தம்பி ஆப்பிரிக்கக் கருமரக் குழலை எடுத்தான்.

“மரம்டா. வெயில்ல விரிசல் விட்டுரும். எபோனைட்டே எடு” என்றார் சித்தப்பா. அனுபவம் பேசுது, சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் மரம் தாங்காதுதான்.

“வெயில்ல நின்னு ஊதறதுக்கு வாங்கலப்பா.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்ற சித்தப்பா, மடியை அவிழ்த்துப் பணத்தை எண்ண ஆரம்பித்தார்.