ஆப்பிரிக்க மரவள்ளியில் தேமல் நோய் எதிர்ப்பு: அமானி ஆய்வு நிலையம் முதல் மரபணுக் குறிப்பான் வரை

முன்னுரை

தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக ஆப்பிரிக்காவை அடைந்தது. அங்கு அதனைத் தாக்கிய தேமல் நோயை 1894இல் வார்பர்க் என்னும் ஜெர்மானியர் முதன்முதலில் பதிவுசெய்தார். இந்நோயின் வைரஸை வெள்ளை ஈக்கள் பரப்புகின்றன. மரவள்ளி கரணை நட்டு வளர்க்கப்படும் பயிராதலால், ஓராண்டின் நோய் மறு ஆண்டின் வயலுக்கும் கரணையுடன் செல்கிறது. இந்நோய்க்கு எதிர்ப்புத்திறன் தேடிய முயற்சிகளில் மரபணுக் குறிப்பான் பெற்ற இடத்தையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அமானியும் இபாடனும்

1930களில், இன்றைய தான்சானியாவிலுள்ள அமானி ஆய்வு நிலையத்தில் ஸ்டோரியும் நிக்கல்ஸும் மரவள்ளியை அதன் உறவினமான சியாரா ரப்பர் மரத்துடன் கலப்புச் செய்தனர். முதற்கலப்பில் நல்ல கிழங்கு அமையாமையால், அதன் வழித்தோன்றல்களை மீண்டும் மீண்டும் மரவள்ளியுடன் கலக்க நேர்ந்தது. இவ்வழியில் வந்த விதைகள் 1950களில் நைஜீரியாவுக்குச் சென்றன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 58308 என்னும் வகையை, இபாடனிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் 1971 முதல் பணியாற்றிய கொரிய அறிஞர் ஹான் தம் கலப்புகளுக்குப் பெற்றோராகக் கொண்டார். இவ்வெதிர்ப்புத்திறன் பல மரபணுக்களைச் சார்ந்தது. நோய் மிகுந்த வயலில் நட்டுப் பார்ப்பதே அன்று தேர்வுக்கு இருந்த வழி.

நாட்டு வகையும் குறிப்பானும்

பின்னர், நைஜீரிய உழவர்கள் பேணிவந்த நாட்டு வகைகள் சிலவற்றில் வலுவான எதிர்ப்புத்திறன் கண்டறியப்பட்டது. 2002இல் அகானோவும் உடன் ஆய்ந்தோரும் இது சி.எம்.டி. 2 என்னும் ஒரே ஓங்கு மரபணுவால் அமைவதாகக் காட்டி, அதனை ஒட்டியமைந்த குறிப்பான்களையும் அறிவித்தனர். இதன் பயன் கொலம்பியாவில் தெளிவாகப் புலப்பட்டது. ஆப்பிரிக்கத் தேமல் நோய் தென் அமெரிக்காவில் இல்லை. ஆகவே அங்கு வயலில் எதிர்ப்பைச் சோதிக்க இயலாது. அங்குள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையம், குறிப்பானைக் கொண்டு, வைரஸே இல்லாத நிலத்தில் எதிர்ப்புடைய நாற்றுகளைத் தெரிவுசெய்தது.

குறிப்பானின் எல்லை

குறிப்பான் மரபணுவின் அண்மையைக் காட்டுமேயன்றி, அதன் இயல்பை விளக்காது. சி.எம்.டி. 2 உடைய வகைகள் திசு வளர்ப்பில் கருவுருவாக்க நிலையைக் கடக்கும்போது எதிர்ப்பை இழப்பது 2016இல் வெளியிடப்பட்டது. டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதியின் ஒரு கூறிலுள்ள மாற்றமே இவ்வெதிர்ப்புக்குக் காரணம் என்பது 2022இல்தான் வெளியாயிற்று. மேலும், பல வகைகள் ஒரே மரபணுவைச் சார்ந்து நிற்பது இடர் மிக்கது. 1990களில் உகாண்டாவின் மரவள்ளியை அழித்த கொள்ளைநோயில், இருவேறு வைரஸ்களின் மரபுக்கூறுகள் இணைந்து உருவான புதிய வைரஸ் காணப்பட்டமை இங்கு நினைக்கத்தக்கது.

முடிவுரை

குறிப்பான் எதிர்ப்புத்திறனைப் படைக்கவில்லை; உழவர் காத்த திறனை விரைந்து இனங்கண்டு, பிற வகைகளுக்குக் கொண்டுசேர்க்க உதவியது. ஒரே மரபணுவை எங்கும் பரப்புவதைவிட, அமானி வழிவந்த பல மரபணு எதிர்ப்பையும் நாட்டு வகைகளின் எதிர்ப்பையும் ஒருங்கே சேர்ப்பதே பாதுகாப்பான வழி என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. தேமல் நோய் காணப்படும் சேலம் பகுதி மரவள்ளிக்கும் இம்முடிவு பொருந்தும்.