கசப்புக்கு எத்தனை மார்க்?

ஏற்காட்டைப் பற்றிய சுற்றுலாக் குறிப்புகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: சர் தாமஸ் மன்றோ 1842-ல் இந்த மலையைக் கண்டுபிடித்தார். மன்றோ 1827-லேயே, மெட்ராஸ் கவர்னராக இருக்கும்போதே, பத்திக்கொண்டாவில் காலராவில் செத்துப்போனார். பதினைந்து வருஷம் கழித்து எழுந்து வந்து சேர்வராயன் மலை ஏறியிருக்க வாய்ப்பில்லை. அதுபோக, மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மலையை இன்னொருத்தர் எதுக்குக் 'கண்டுபிடிக்கணும்'? ஆனாலும் ஒரு துரை பேர், ஒரு வருஷம் கொடுத்துவிட்டால் போதும், கதை நின்றுவிடுகிறது.

இதே வியாதி பிடித்த இன்னொரு சரக்கு இந்தியா பேல் ஏல், சுருக்கமாக ஐபிஏ. பெங்களூரின் கிராஃப்ட் பியர் கடைகளில் குடித்துப் பழகியவர்களுக்கு அதன் கதை மனப்பாடம். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலில் அனுப்பிய பியர் வழியிலேயே கெட்டுப்போச்சாம். லண்டனில் ஜார்ஜ் ஹாட்சன் என்பவர் ஹாப்ஸையும் ஆல்கஹாலையும் கூட்டி, கெடாத பியரைக் கண்டுபிடித்தாராம்.

கேட்க நல்லா இருக்கு. ஆனால் ஹாட்சன் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வெயில் நாடுகளுக்கு அனுப்பும் பியரில் ஹாப்ஸ் கூடுதலாகப் போடணும் என்பது 1760-களிலேயே ஆங்கிலேய வடிப்பாளர்களுக்குத் தெரிந்த விஷயம். கறுப்பான போர்ட்டர் பியரும் இதே கடல் வழியாக வந்துகொண்டுதான் இருந்தது. ஹாட்சனுக்கு இருந்தது இரண்டு வசதிகள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறைக்குப் பக்கத்திலேயே, போ என்ற இடத்தில், அவருடைய ஆலை இருந்தது. கப்பல் கேப்டன்களுக்குப் பதினெட்டு மாதம் கடன் கொடுக்கவும் அவர் தயாராக இருந்தார். நம்மூர் மளிகைக்கடை அண்ணாச்சிக்குத் தெரிந்த வித்தை. அவருடைய வாரிசுகள் அந்தக் கடனை இறுக்கி, சந்தையையே கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தபோதுதான் சிக்கல் வந்தது. கம்பெனி டைரக்டர்களில் ஒருவரான மார்ஜோரிபாங்ஸ், 1822 வாக்கில், பர்ட்டன் ஊரின் சாமுவேல் ஆல்சாப்பிடம் ஒரு ஹாட்சன் பாட்டிலைக் கொடுத்து, இதைப்போல உன்னால் செய்ய முடியுமா என்று கேட்டார். முதல் சோதனை ஒரு தேநீர்க் கெண்டியில் நடந்ததாகச் சொல்வார்கள். பர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அந்தத் தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு கூர்மையாக, சுத்தமாக வந்தது. லண்டன் தோற்றது.

அந்த 1820-களில் சேலத்தின் கலெக்டர் காக்பர்ன். சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் என்று அறியப்படுபவர். அவர் காலத்தில் ஒரு பேல் ஏல் பீப்பாய் சேலம் ஜில்லாவுக்கு வரவேண்டுமென்றால், ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, நான்கைந்து மாதம் கடலில் ஆடியாக வேண்டும். மெட்ராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலாப் படகுக்காரர்கள்தான் அலையில் ஏறி இறங்கி சரக்கைக் கரை சேர்க்கணும். அப்புறம் மாட்டு வண்டி. அதற்கப்புறம் மலை.

இத்தனை ஆட்டத்தில் பியர் சும்மா இருக்காது. உள்ளேயே முதிரும், ஹாப்ஸ் மணம் அடங்கும். மரப் பீப்பாயில் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் வேலை செய்யும். 1904-ல் கார்ல்ஸ்பெர்க்கில் கிளாசன் அதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். அர்த்தம், பிரிட்டிஷ் பூஞ்சை. தோல், லாயம், பழைய மரம் மாதிரி ஒரு வாசனையைக் கொடுக்கும். இன்று ஐபிஏ என்று கேட்டால் வருவது பெரும்பாலும் அமெரிக்க வகை. 1972-ல் வெளியான கேஸ்கேட் என்ற ஹாப்ஸிலிருந்து தொடங்கும் மரபு அது. பம்ப்ளிமாஸ், எலுமிச்சைத்தோல், பைன் மர வாசனை. எவ்வளவு புதுசோ அவ்வளவு நல்லது. அதாவது, கடல் தாண்டிக் கிழடாவதற்காகப் பிறந்த பியரை இன்று பச்சையாகக் குடிக்கிறோம்.

இப்போது மார்க். பியர் நடுவர்களுக்குப் பயிற்சி தரும் பிஜேசிபி என்ற அமெரிக்க அமைப்பின் தாளில் மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உட்காரும் விதத்துக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. எனக்குப் பிடித்தது அந்த 3. நிறத்தையும் நுரையையும் பார்த்து மயங்காதே என்கிறது. அமெரிக்க ஐபிஏவின் கசப்பு அளவு 40 முதல் 70 வரை. நாம் வழக்கமாகக் குடிக்கும் லாகர் 20-ஐத் தொடுவதே பெரிசு. வெண்ணெய் வாசம் வந்தால் நொதித்தலில் கோளாறு. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் காற்று பட்டுப் பழசாகிவிட்டது. நடுவர் 'எனக்குப் பிடிச்சிருக்கா' என்று கேட்கக் கூடாது. என்ன வகை என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறதோ, அதுவாக இருக்கிறதா என்றுதான் பார்க்கணும்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் இதை விளக்கினேன். அவர் தினமும் காப்பியை உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்புகிற ஆள். "கசப்பு எவ்ளோங்கறது முக்கியமில்லைங்க. முழுங்கின அப்புறம் அது எங்க நிக்குதுன்னு பாருங்க," என்றார். நல்ல கசப்பு நாக்கின் நடுவில் ஏறி, தானாக இறங்கிவிடும். கெட்டது தொண்டையில் பிடித்துக்கொண்டு இழுக்கும். சுண்டைக்காய் வத்தலும் வேப்பம்பூ ரசமும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது பாடமே இல்லை. ஐபிஏவைப் பார்த்து முகம் சுளிக்க நமக்குத்தான் காரணம் குறைவு.

அப்படியானால் பெயரில் இருக்கும் 'இந்தியா'வுக்கு எத்தனை மார்க்? இந்தியர்களுக்காக வடித்தது இல்லை என்பது தெரிந்ததுதான். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக்கூடப் பெரும்பாலும் இது கிடைக்கவில்லை. அவர்களுக்கு வந்தது போர்ட்டர், இங்கே கிடைத்தது சாராயம். பேல் ஏல் அதிகாரிகளின், வியாபாரிகளின் மேஜைக்கு. மலையடிவாரத்து ஜனங்களுக்குக் கள். ஐபிஏவுக்கு நேர் எதிரான பானம். காலையில் இறக்கினால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், அடுத்த ஜில்லாவுக்குக்கூடப் பயணம் போகாது. ஆனால் அந்தக் கள்ளிலும் சாராயத்திலும் வந்த ஆப்காரி வரி அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம்.

அதனால்தான் 1937 அக்டோபர் 1 முக்கியமான தேதி. பிரதமராக இருந்த ராஜாஜி, மெட்ராஸ் மாகாணத்திலேயே முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது தன் சொந்த ஜில்லாவான சேலத்தில். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' பத்திரிகை நடத்தியவர் அவர். கல்கி அங்கேதான் அவரோடு வேலை பார்த்தார். போன ஆப்காரி வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. குடிகாரனின் வீட்டில் அடுப்பு எரிந்தது உண்மை. மரம் ஏறிப் பிழைத்தவர்களின் வீட்டில் அணைந்ததும் உண்மை. இரண்டாவதைப் பற்றி நாம் குறைவாகத்தான் எழுதியிருக்கிறோம்.

1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-ல் விலகி, 1974-ல் திரும்பி, 1981-ல் மறுபடி விலகியது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987-லிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஆக, லண்டன் கிளப்பில் தோன்றிய ரசனையின் பேரப்பிள்ளையான பியர் இன்று இங்கே சட்டப்படி விற்கும். ஐந்நூறு அடி தள்ளி நிற்கும் பனையிலிருந்து இறக்கினால் கேஸ்.

பிஜேசிபி தாளைக் கள்ளுக்குப் பொருத்திப் பார்க்கலாமே என்று நண்பரிடம் கேட்டேன். தோற்றத்துக்கு 3-க்கு 1 தான் தேறும் என்றார், ஈ மொய்க்குமாம். வாயுணர்வுக்கு யோசிக்காமல் 5-க்கு 5 போட்டார்.