அழைப்பவர் யார்? தொலைபேசி இலக்கத்துக்குப் பெயர் தேடிய வரலாறு

அறியாத இலக்கமொன்றிலிருந்து அழைப்பு வருமிடத்து, அதனைக் கைத்தொலைபேசிச் செயலியிலோ இணையத்தளத்திலோ இட்டு உரியவரின் பெயரைக் கட்டணமின்றித் தேடுதல் இன்று பலருக்கும் வழக்கமாகிவிட்டது. இதனைக் கணினி யுகத்தின் புத்தாக்கமாக மட்டும் கொள்வோர் உளர். அக்கருத்து முழுமையானதன்று. அழைப்பவரை அறியும் வசதி தொலைபேசியோடு பிறந்து, இடையில் மறைந்து, பின்னர் விலைப்பொருளாக மீண்டது. அவ்வறிவு யார் கையில் இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே இங்கு முதன்மையான வினா. தொலைபேசி முதலில் பரந்து வளர்ந்த ஐக்கிய அமெரிக்காவை முன்வைத்து அதனை நோக்குவோம்.

1878 பெப்ரவரி 21ஆம் திகதி கனெற்றிக்கற் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் வெளிவந்த முதலாவது தொலைபேசி விபரக்கொத்து ஒற்றைத் தாளாகும். ஐம்பது சந்தாதாரரின் பெயர்கள் அதில் இருந்தன, இலக்கம் எதுவுமில்லை. பரிவர்த்தனை நிலையத்து இயக்குநரிடம் பெயரைச் சொன்னாற் போதும், இணைப்புக் கிடைக்கும். அழைப்பவரையும் அழைக்கப்படுபவரையும் அவர் அறிந்திருந்தார். 1879இல் மசாசூசெற்ஸின் லோவெல் நகரில் சின்னமுத்து பரவியபோது, இயக்குநர்கள் நோயுற்றால் புதியவர்கள் இடர்ப்படுவரென அஞ்சிய மோசஸ் கிரீலி பார்க்கர் என்னும் வைத்தியர் இலக்கமிடும் முறையை முன்மொழிந்தார் என்பர். பெயரறியாதவரும் இணைப்புக் கொடுக்கவே இலக்கம் தோன்றியது என்பது நம் பொருளுக்கு மிகப் பொருத்தமான முரண்.

இயக்குநரையே அகற்றியவர் அல்மன் ஸ்ரோஜர். பிரேத அடக்கத் தொழில் செய்த அவர், தமக்கு வரவேண்டிய அழைப்புகளைப் போட்டியாளரின் மனைவியான இயக்குநர் திசைதிருப்பினார் எனச் சினந்தே தன்னியக்கப் பரிவர்த்தனையை வகுத்தார் என்றொரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், 1891இல் அவர் காப்புரிமை பெற்றதும், 1892இல் இந்தியானாவின் லா போர்ட் நகரில் அம்முறை இயங்கத் தொடங்கியதும் உறுதி. ஒட்டுக்கேட்கும் செவி நீங்கியது. கூடவே, அழைப்பவரை அறிந்திருந்த மனிதரும் நீங்கினார்.

எனினும் இயந்திரம் அறிந்திருந்தது. 1951இல் நியூ ஜேர்சியின் எங்கிள்வூட் நகரச் சந்தாதாரர்கள் இயக்குநரின் உதவியின்றித் தொலைதூர நகரங்களை அழைக்கத் தொடங்கியபோது, கட்டணம் விதிக்கும்பொருட்டு அழைப்பவரின் இலக்கம் தானாகவே பதிவாயிற்று. கம்பனிக்குத் தெரிந்தது மறுமுனையில் தொலைபேசியை எடுத்தவருக்குத் தெரியவில்லை. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னரே, 1980களின் பிற்பகுதியில், அதே மாநிலத்தில் அழைப்பவர் இலக்கத்தைத் திரையிற் காட்டும் சேவை மாதக் கட்டணத்துக்கு விற்கப்பட்டது.

அப்பொழுது எழுந்த விவாதம் இன்றும் படிக்கத்தக்கது. இழிசொல் பேசித் தொந்தரவு செய்வோரை இது அடக்கும் என்றனர் ஆதரித்தோர். கணவரின் வன்முறைக்கு அஞ்சிப் புகலிடம் தேடிய பெண்ணொருத்தி, தன் பிள்ளையுடன் பேச அழைத்தால் அவள் இருக்குமிடம் வெளிப்பட்டுவிடுமே என்றனர் எதிர்த்தோர். இரண்டும் உண்மையான அச்சங்களே. ஆயினும் முன்னையதில் அமைதி கெடும். பின்னையதில் உயிரே போகலாம். பென்சில்வேனியாவில் 1990இல் நீதிமன்றமொன்று, மாநிலத்தின் ஒட்டுக்கேட்டல் தடைச் சட்டத்துக்கு இச்சேவை முரணானதெனத் தீர்த்தது. 1992இல் மாநில உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 1995 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதிகள், மாநிலங்களுக்கிடையிலான அழைப்புகளில் விரும்பியவர் தம் இலக்கத்தை மறைக்க வழிசெய்தன.

இலக்கம் தெரிந்தாலும் பெயர் வேண்டுமே! இலக்க வரிசையில் பெயர்களை அடுக்கிய தலைகீழ் விபரக்கொத்துகள் அச்சில் நெடுங்காலம் இருந்தன. பொலிஸாரும் செய்தியாளரும் கடன் அறவிடுவோரும் அவற்றைப் பயன்படுத்தினர். அவற்றை எல்லோர்க்கும் உரியதாக்கியதில் நீதிமன்றத்துக்கும் பங்குண்டு. கன்சாஸைச் சேர்ந்த றூரல் தொலைபேசிக் கம்பனியின் விபரக்கொத்திலிருந்து ஃபைஸ்ற் நிறுவனம் 1,309 பதிவுகளை எடுத்தாண்டது. திருட்டைக் கண்டுபிடிக்க இடப்பட்ட நான்கு போலிப் பெயர்களும் அவற்றுள் அடக்கம். ஆயினும் 1991இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், பெயர்களை அகரவரிசையில் அடுக்குவதில் ஆக்கத்திறன் இல்லையாதலின் பதிப்புரிமையும் இல்லை எனத் தீர்த்தது. பின்னர் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விபரக்கொத்துகளை இறுவட்டில் திரட்டிய புரோசீடி நிறுவனம், அத்தரவுகளை இணையத்தில் மலிவாகத் தந்த பட்டப்பின் படிப்பு மாணவர் ஒருவர்மீது வழக்காடி, 1996இல் மேன்முறையீட்டில் வென்றது. வென்றது பதிப்புரிமையால் அன்று, பொதியினுள் இணைத்திருந்த உரிம உடன்படிக்கையால்.

அவ்விபரக்கொத்துகளில் பெயரை வெளியிட வேண்டாம் என்று சந்தாதாரர் கேட்டுக்கொள்ள முடிந்தது. 2009இல் சுவீடனில் தொடங்கிய ட்ரூகோலர் போன்ற செயலிகளின் காலத்தில் நிலைமை வேறு. இவ்வகைச் சேவைகள் பலவற்றின் பட்டியல்கள், பயனாளர் பகிர்ந்த தொடர்பு விபரங்களாலும் அவர்கள் இட்ட பெயர்களாலும் திரண்டவை. செயலியைக் கண்ணாலும் காணாத ஒருவரின் பெயர், அவரை அறிந்த எவரோ ஒருவரின் கைத்தொலைபேசி வழியே அங்கு சென்றிருக்கலாம். தேடுபவர் பணம் கொடுப்பதில்லை. விலையைக் கொடுப்பவர் தேடப்படுபவரே. முன்னர்க் கூறிய புகலிடப் பெண் இலக்கத்தை மறைக்கலாம். தோழியின் முகவரிப் பட்டியலிலிருந்து தன்னை எவ்வாறு நீக்குவாள்?

இவ்வளவு திரட்டியும் விடை நம்பத்தக்கதா எனின், அதுவும் ஐயமே. பிறரது இலக்கத்தைப் போலியாகக் காட்டி அழைத்தல் எளிதானமையால், தேடலில் கிடைக்கும் பெயர் அழைத்தவருடையதாக இல்லாதிருக்கலாம். ஏமாற்றும் நோக்குடன் இவ்வாறு செய்வதை 2010இல் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம் தடுத்தது. 2021 யூன் 30ஆம் திகதிக்குள் பெரிய தொலைபேசிக் கம்பனிகள் அழைப்பிலக்கத்துக்கு மின்னொப்பம் இட வேண்டுமெனவும் விதிக்கப்பட்டது. அவ்வொப்பம் இலக்கத்தின் மெய்ம்மைக்கே சான்று, பேசுபவரின் அடையாளத்துக்கு அன்று. இணைய நெறிமுறையில் இயங்காத பழைய கம்பித் தடங்களைக் கடக்கும் அழைப்பில் அதுவும் உடன்வருவதில்லை.